மாதவியின் மாலையும் மக்களின் வாக்கும்

கலைஞனுக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறதா, சமுதாயத்துக்குக் கலைஞன் கடன்பட்டிருக்கிறானா என்னும் வினா நம்மிடையே புதியதன்று. முற்போக்கு எண்ணமுடையோர் பெரும்பாலும் இரண்டாவது பக்கத்திலிருந்தே இவ்வினாவை ஆராய்ந்து வந்துள்ளனர். கலைஞன் மக்களுக்கு என்ன செய்தான், எந்த வர்க்கத்தின் பக்கம் நின்றான், யாருடைய துயரைப் பாடினான் என்று கேட்டுக் கேட்டு நாம் பழகிவிட்டோம். அவ்வாறு கேட்பது தவறன்று. ஆயினும், மக்கள் கலைஞனுக்கு என்ன செய்தனர் என்னும் மறுபக்க வினாவை எழுப்பாது விடுவோமாயின் கணக்கு ஒருதலையாகவே முடியும். அண்மைக் காலத்தில் நம் வீடுகளுக்குள்ளேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இம்மறுபக்கத்தைப் பற்றிச் சிந்திக்க இடந் தருகிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜீ தமிழ்த் தொலைக்காட்சி சென்னையில் நடத்திய ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மூன்றாம் பருவப் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்து அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா உதயசீலன் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 14. பரிசு 10 இலட்சம் இந்திய ரூபா. அதே போட்டியில் மலையகத்துப் புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அசானி கனகராஜ் என்னும் சிறுமியும் பாடினார். அவரை அனுப்புவதற்குத் தோட்டத்து மக்கள் தம்மிடமிருந்த சில்லறையைச் சேர்த்துக் கொடுத்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்த ஆண்டும் அதுவே.

அவ்விரு சிறுமியரின் குரலும் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒற்றையறை வீடுகளிலும் ஒரே வேளையில் ஒலித்ததை நான் அறிவேன். வார இறுதி வகுப்புக்களுக்கு வரும் பிள்ளைகள் நேரத்தை மாற்றித் தருமாறு கேட்டனர். மளிகைக் கடைக் கல்லாவில் இருப்பவர் காசை எண்ணுவதை நிறுத்தித் திரையைப் பார்த்தார். போர் ஓய்ந்து 14 ஆண்டுகளான பின், 2022இல் நாடே பொருள் முடைப்பட்டுத் திண்டாடிய அடுத்த ஆண்டிலே, நம்மவர் ஒருமனதாய் மகிழ்வதற்கு ஒரு செய்தி கிடைத்தது. அந்த மகிழ்ச்சியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ‘சினிமாப் பாட்டுத்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகின்ற பண்டிதர்களோடு நான் சேரமாட்டேன். இல்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு மேலேற ஏணி ஒன்று அகப்படும்போது, அது எந்த மரத்தில் செய்த ஏணி என்று கேட்பது வயிறு நிறைந்தவனின் கேள்வி.

எனினும் அம்மகிழ்ச்சி எவற்றால் ஆயது என்று பார்க்கவேண்டும்.

தொலைக்காட்சிப் போட்டியின் அமைப்பை அறியாதார் இன்று அரியர். இந்தியில் 1995இல் ஜீ தொலைக்காட்சியில் ‘சரிகம’ தொடங்கியது. இங்கிலாந்தில் 2001இல் ‘பொப் ஐடல்’ பிறந்து உலகெங்கும் கிளைவிட்டது. 2006இல் தமிழ்நாட்டில் ‘சூப்பர் சிங்கர்’, அதே ஆண்டிற் கொழும்பிற் ‘சிரச சூப்பர் ஸ்டார்’. பெயர் வேறாயினும் பொறி ஒன்றே. ஆயிரக்கணக்கானோரை வரவழைத்துத் தேர்ந்து, வாரந்தோறும் சிலரை வெளியேற்றி, எஞ்சியோரை மக்கள் வாக்குக்கு விடுவது. பாடப்படுவன பெரும்பாலும் திரைப்பாடல்கள். எல்லாரும் முன்பே அறிந்தவை. அறிந்த பாடலாக இருந்தால்தான் மூலத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடலாம். கேட்போரும் வீட்டிலிருந்தபடியே நடுவராகலாம். இவ்விடத்திற் கொழும்புக்காரரான நமக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறக்கலாகாது. திரைப்பாடலின் முதலெழுத்தைப் பிடித்து அடுத்த பாடலைத் தேடும் ‘பாட்டுக்குப் பாட்டு’ நம் இலங்கை வானொலியிற் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திப் பின்னர்த் தமிழகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்ற விளையாட்டுத்தான். தமிழ் மக்களின் நினைவாற்றலுக்கு அதுபோன்ற அளவுகோல் வேறில்லை. ஆனால் அது நினைவாற்றலுக்கான அளவுகோல் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பாட்டுக்கு அப்பால் இன்னொன்றும் அங்கே எடைபோடப்படுகிறது. அது பாடுபவரின் கதை. அரியாலைச் சிறுமியின் குரலோடு போரின் நினைவும், தோட்டத்துச் சிறுமியின் குரலோடு லயத்தின் நினைவும் திரையில் ஏறின. நடுவர்கள் கண்ணீர் வடித்தனர், நாமும் வடித்தோம். அக்கண்ணீர் பொய்யன்று. ஆயினும் கண்ணீருக்கு இடையிடையே விளம்பரம் வந்தது. ஒரு சமுதாயத்தின் பட்ட காயம் விளம்பர நேரத்தின் விலையை உயர்த்தும் பொருளாக மாறும்போது, அக்காயத்தைச் சுமந்து நிற்கும் பிள்ளைக்கு வயது பதினான்கு என்பதை நாம் எத்தனை பேர் எண்ணினோம்? நமக்காக அழுவதற்கு ஒரு குரல் கிடைத்தது என்று ஆறுதல் கொண்டோம். அந்தக் குரலுக்கு அழ விருப்பமா என்று எவரும் கேட்டிலர்.

இது இக்காலத்துக்கே உரிய கொடுமை என்று கருதுவோர் சிலப்பதிகாரத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நன்று. அரங்கேற்றுகாதையை நாம் வகுப்பறைகளில் அரங்கின் அளவுக்காகவும் யாழாசிரியன், குழலாசிரியன் இலக்கணத்துக்காகவுமே கற்பிக்கிறோம். தேர்வில் வருவதும் அதுவே. அங்கே நிகழ்வது என்ன? ஏழாண்டுப் பயிற்சி பெற்ற மாதவி என்னும் சிறுமி, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன்னிலையில் ஆடுகிறாள். நூல்நெறி வழுவாது ஆடுகிறாள் என்பதே புகழ்ச்சி. அரசன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் வழங்குகிறான். காதை அதனோடு முடிந்திருந்தால் அது கலையின் வெற்றிக் கதை. ஆனால் முடியவில்லை. பரிசாகப் பெற்ற அதே தொகை ஒரு மாலைக்கு விலையாகிறது. மாலையைக் கூனி ஒருத்தி கையில் கொடுத்து, செல்வ இளைஞர் திரியும் தெருவில் நிறுத்துகின்றனர். மாலையை வாங்குபவன் மாதவிக்குக் கணவன். கோவலன் வாங்குகிறான்.

கலைக்குக் கொடுத்த பரிசு கலைஞரின் விலையாக எவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது என்பதை இளங்கோ வியக்காமலும் வெறுக்காமலும் சொல்லிச் செல்கிறார். அவர் காலத்து வழக்கம் அது. அவ்விரைவுதான் என்னை அச்சுறுத்துகிறது. பட்டம் பெற்ற மறுநாளே பட்டத்தின் அளவு தெருவிற் கூவப்படுகிறது. இன்றும் போட்டியில் வென்ற பிள்ளையின் வீட்டு வாசலுக்கு முதலில் வருவோர் யார்? நகைக்கடைத் திறப்புவிழாக்காரர், திருமண மண்டபக்காரர், புலம்பெயர் நாடுகளில் மேடை போடுவோர், அரசியற் கட்சிக்காரர். இவர்களுள் தீயோர் எத்தனை பேர், நல்லோர் எத்தனை பேர் என்பது இங்கே பொருளன்று. எல்லாரும் கேட்பது ஒன்றையே: அன்று பாடிய அந்தப் பாட்டை இன்னொருமுறை பாடு.

மாதவியின் கதையிற் கானல்வரிக்கு வருவோம். இந்திரவிழா முடிந்து புகார்க் கடற்கரையில் இருவரும் இருக்கின்றனர். கோவலன் யாழை வாங்கி, வேறொருத்தியை எண்ணியவன் போலப் பாடுகிறான். மாதவி எழுந்து போகவில்லை. யாழை வாங்கித் தானும், தனக்கும் வேறு குறிப்பு உண்டு என்பதுபோலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான், மீளவேயில்லை. ஊழ் என்று காப்பியம் காரணங் கூறும். நான் ஊழை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்க்கிறேன். இலக்கணம் வகுத்த கூத்தை அவள் ஆடியவரை, பொன்னும் மாலையும் காதலும் இருந்தன. தன் உள்ளக் குறிப்பைத் தானே பாட்டில் வைத்த முதல் மாலையிலேயே கேட்டவன் எழுந்து போனான். இத்தனைக்கும் அவனும் அதையே செய்திருந்தான். அவன் பாடினால் பாட்டு. அவள் பாடினால் குற்றம். தன் பாட்டைத் தான் பாட விரும்பும் ஒவ்வோர் இளங்கலைஞருக்கும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இக்கடற்கரை இன்னும் காத்திருக்கிறது.

என் மாணவி ஒருத்தியைப் பற்றி இங்கே கூறுவது பொருந்தும். கொட்டாஞ்சேனையில் வசிப்பவள், உயர்தர வகுப்பிற் படிப்பவள், தாயார் தையற்காரி. நல்ல குரல். பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கங்களிற் பாட்டெழுதுவாள். தானே மெட்டும் அமைப்பாள். மழைக்காலத்தில் ஒழுங்கைக்குள் வெள்ளம் ஏறி, அயலார் தத்தம் தையல் இயந்திரங்களை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு இரவு முழுதும் பேசியிருந்ததைப் பற்றி ஒரு பாட்டு. பாட்டில் அழுகையில்லை, ஒரே சிரிப்பு. சந்தத்தில் இரண்டிடங்களில் இடறல் உண்டு, நான் திருத்தவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாயார் என்னிடம் முறையிட்டார்: “சேர், அந்தப் பிள்ளையளப் போல சினிமாப் பாட்டுப் படிச்சாலும் எங்கேயாவது கூப்பிடுவாங்க. இவ சொந்தமா எழுதுறாவாம். அதுக்கு ஆர் சேர் பரிசு குடுக்கிறது?”

அந்தத் தாயாரின் வினா, நான் பல்கலைக்கழகத்திற் கற்ற அழகியற் கொள்கைகள் பலவற்றினும் கனமானது. பரிசு கொடுப்பார் இல்லாத இடத்திற் படைப்பு எவ்வாறு பிழைக்கும்? பாணர் பரம்பரையை வானளாவப் புகழும் நாம், பாணன் பசியோடு நடந்தான் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பரிசிலை மறுத்தார். பரிசில் பெறும் வாணிகன் தாம் அல்லர் என்றார். அந்தப் பெருமிதத்தை நாம் பாராட்டுகிறோம். அவர் குடும்பத்தின் வறுமையும் அவர் பாட்டுக்களிலேயே இருக்கிறது.

பெருஞ்சித்திரனாரை நினைக்கும்போது நம் நாட்டின் இன்னொரு பாடகர் நினைவுக்கு வருகிறார். சுனில் சாந்த சிங்களவர்; ஜா-எலப் பகுதியில் 1915இற் பிறந்தவர். சாந்திநிகேதனத்திலும் லக்னோவிலும் இசை பயின்று மீண்டவர். 1946இற் கொழும்பு வானொலி நிலையத்தில் அவர் பாடிப் பதிவான ‘ஓலு பிப்பீலா’ சிங்கள மெல்லிசையின் தொடக்கங்களுள் ஒன்று. வட இந்திய மெட்டைக் கடன்வாங்கிச் சிங்களச் சொற்களை அதற்குள் நெரித்து அடைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், தம் மொழியின் ஓசைக்கு இசைந்த எளிய மெட்டுக்களைத் தாமே ஆக்கிப் பாடினார். மக்கள் அவரைக் கொண்டாடினர். 1952இல் இலங்கை வானொலி தன் கலைஞர்களைத் தரம்பிரிப்பதற்காக லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தன்ஜங்கரை வரவழைத்தது. பாடகர்கள் அனைவரும் அவர்முன் பாடிக் காட்டித் தரம் பெறவேண்டும். சுனில் சாந்த மறுத்துவிட்டார். தாம் ஆக்கிவரும் பாட்டை அளப்பதற்கு அந்த அளவுகோல் உரியதன்று என்பது அவர் வாதம். விளைவு, வானொலி அவருக்கு மூடப்பட்டது. வானொலி ஒன்றே பாடகனுக்கு வாழ்வாயிருந்த காலம் அது. புகழின் உச்சியிலிருந்தவர் வேறு தொழில்களைச் செய்து பிழைக்கவேண்டியதாயிற்று. அறுபதுகளின் பிற்பகுதியிலேதான் வானொலி அவரை மீண்டும் அழைத்தது. 1981இற் காலமானார்.

இதில் எவர் பக்கம் நியாயம்? ஒரேயடியாகத் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. தரம் என்று ஒன்று வேண்டும், வானொலி பொதுச்சொத்து, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வாய்ப்புக் கொடுத்துவந்த நிலையத்தில் வெளியாரை அழைத்துத் தேர்வு வைத்தது ஒருவகையில் நேர்மையான செயலே. ரத்தன்ஜங்கர் பெரும் இசைப் புலவர் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் புலவர் ஒருவர் தாம் அறிந்த மரபிற்குள் எது செம்மை என்று சொல்லவல்லவரேயன்றி, இன்னும் பிறந்து முடியாத ஒரு மரபு எவ்வாறு இருக்கவேண்டும் என்று சொல்லவல்லவர் அல்லர். சுனில் சாந்த கண்ட உண்மை இதுவே என நான் கருதுகிறேன். அவர் தேர்வுக்கு அஞ்சியவர் அல்லர். அதே லக்னோவிற் கற்றுத் தேறியவர். தம் சொந்தப் பாட்டு இன்னொருவர் முத்திரைக்காக வரிசையில் நிற்பதை அவர் ஏற்கவில்லை.

இங்கே மனத்தை உறுத்தும் செய்தி வேறு. அவரைக் கொண்டாடிய மக்கள் எங்கே இருந்தனர்? வானொலி மூடியபோது, பாட்டைக் கேட்டு மயங்கிய இலட்சக்கணக்கானோர் தத்தம் வேலையைப் பார்த்தனர். வானொலிப் பெட்டியில் வேறு குரல் வந்தது, அதையும் கேட்டனர். இரசிகர் என்னும் கூட்டம் கலைஞனைத் தூக்கிச் சுமக்கும். இறங்கி நடக்க வேண்டிய நாளில் அவனோடு நடக்குமா என்பது ஐயமே.

தமிழரிடையேயும் சொந்தப் பாட்டின் சிறு வரலாறு ஒன்று உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கிற்றாரைத் தட்டிக்கொண்டு பாடிய ‘சின்ன மாமியே’ பாட்டை இன்றும் கலியாண வீடுகளிற் கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி, கேலி, துள்ளல். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் கடந்து கொண்டுபோனார், 1977இற் தமிழகத் திரைப்படமும் அதை எடுத்துக்கொண்டது. எழுபதுகளில் இந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் பிறவும் கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், ஈழத்து எழுத்தும் மெல்லிசையும் சற்றே மூச்சுவிட்டன. கட்டுப்பாட்டால் வளர்ந்தது கட்டுப்பாடு நீங்கியதும் தளர்ந்தது. அதன் பின் போர் வந்தது. தடைபோட்டுக் கலையை வளர்க்கலாம் என்னும் கட்சியில் நான் இல்லை. தமிழகத்துப் பாட்டு நமக்கும் உரியதே. ஆனாற் பிறர் ஆக்கிய பாட்டை நன்றாகப் பாடுவதிலேயே நமது ஆற்றல் முழுதும் செலவாகிவிட்டால், நம் ஒழுங்கைக்குள் வெள்ளம் ஏறிய இரவை யார் பாடுவது?

தன் பாட்டைப் பாடினாலும் பாட்டு தன்னுடையதாக நிற்குமா என்பது அடுத்த சிக்கல். 2012இல் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் பிலிப் பிலிப்ஸ் வென்றார். ஜோர்ஜியா மாநிலத்தில், குடும்பத்தாரின் அடகுக்கடையில் வேலைசெய்த இளைஞர், தாமே பாட்டெழுதுபவர். எனினும் வெற்றிப் பாடலாக அவர் பாடி இலட்சக்கணக்கில் விற்பனையான ‘ஹோம்’ பிறர் இருவர் எழுதியது. 2015இல் அவர் தம்மை ஒப்பந்தஞ் செய்திருந்த நிறுவனத்துக்கு எதிராகக் கலிபோர்னியத் தொழில் ஆணையரிடம் முறையிட்டார். போட்டிக்குள் நுழையும்போதே கையெழுத்து வாங்கப்பட்ட ஒப்பந்தங்கள் தம்மைக் கட்டிப்போட்டுவிட்டன என்பது வழக்கின் சாரம். தம் இசைத்தொகுப்பின் பெயரையே பொதுவில் அறிவிக்கப்பட்ட பின்னர்த்தான் தாம் அறிந்ததாகவும் கூறினார். 2017இற் பிணக்குத் தீர்ந்தது. அடகுக்கடையில் வளர்ந்தவருக்கே சீட்டின் நிபந்தனைகள் பின்னர்த்தான் விளங்கின என்றால், பதினான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோர் என்ன செய்வர்?

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று 2021இல் வெளிவந்த ‘எஞ்ஜாய் எஞ்சாமி’. அறிவு என்னும் இளங்கவிஞர் எழுதித் தீயுடன் சேர்ந்து பாடியது; சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். ஆகவே அது நம் மலையகத்தின் பாட்டுமாகும். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டனர். அதே ஆண்டில் ஆங்கில இசைச் சஞ்சிகை ஒன்றின் அட்டையில் அப்பாடலைச் சிறப்பித்தபோது அறிவின் முகம் விடுபட்டது. 2022இற் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழா மேடையில் அவரின்றி அப்பாடல் ஒலித்தது. பாட்டை ஆக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவருக்கும் இசையமைப்பாளருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. பின்னர் 2024இல் இசையமைப்பாளரே முன்வந்து, அப்பாட்டால் தம்மில் எவருக்கும் ஒரு காசுகூட வருவாய் கிட்டவில்லை என்று அறிவித்தார். பங்கைப் பற்றி வழக்காடியவர்கள் இறுதியிற் பங்கிடுவதற்கு எதுவும் இல்லாதிருந்ததைக் கண்டனர்! தோட்டத்தில் விளைந்ததை வெளியார் கொண்டுபோவதைப் பாடிய பாட்டுக்கு இந்தக் கதி நேர்ந்ததை என்னென்பது?

சட்டம் இல்லாமலில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனுக்கு வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் உரிமை வழங்குகிறது. பெயர் குறிப்பிடப்படும் உரிமையையும் சிதைக்கப்படாதிருக்கும் உரிமையையும் வேறாகக் காக்கிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்கவியலாத பங்கை உறுதிசெய்தது. இவற்றை நம் இளையோர்க்குச் சொல்லிக்கொடுப்பார் யார்? யாப்பிலக்கணம் கற்பிக்கும் நானே இச்சட்டங்களை அண்மையிற்றான் வாசித்தேன்.

எனது கருத்தை இனி மறைக்க வேண்டியதில்லை. போட்டிக்குப் போவது இழிவன்று. 2018இல் ‘சூப்பர் சிங்கர்’ பட்டத்தை நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றபோது, திரைப்பாட்டின் கோட்டைக்குள்ளேயே மண்ணின் பாட்டு நுழையலாம் என்பதைக் கண்டோம். கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா யூட்ஸ் 2015இல் இரண்டாமிடம் பெற்றபோது, பரிசுத் தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வழங்குவதாக அந்த மேடையிலேயே கூறினார். பிள்ளைகள் எம்மினும் பெருந்தன்மையாக நடந்துகொள்கின்றனர். குறை அவர்களிடத்தில் இல்லை. வாக்களித்ததோடு கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறோமே, அங்கேதான் இருக்கிறது. வாக்கு ஒரு விரலசைவு. அதைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அப்பிள்ளையிடமிருந்து நாம் எதிர்பார்ப்பவை எத்தனை! அவள் என்றும் ஈழத்தின் குரலாக இருக்கவேண்டும்; மலையகத்தின் குரலாக இருக்கவேண்டும்; மேடைதோறும் நம் துயரைப் பாடவேண்டும்; உடையில், பேச்சில், காதலில், அரசியலில் நம் மனம்போல நடக்கவேண்டும். தவறினால், வாக்களித்த அதே விரல் வசை எழுதும்.

இவ்வெதிர்பார்ப்பை முற்போக்காளரும் வேறு சொற்களில் வைத்திருக்கிறோம் என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. கலைஞர் மக்களின் குரலாக ஒலிக்கவேண்டும் என்கிறோம். உண்மை. ஆனால் மக்களின் குரல் என்பது மக்கள் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பண்டமா? ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு ஒடுக்குமுறையைப் பற்றி மட்டுமே பாட உரிமையென்றால், அதுவும் ஒருவகைக் கட்டுத்தளை. அரியாலைச் சிறுமி நாளை மாங்காயைப் பற்றிப் பாடலாம். தோட்டத்துச் சிறுமி பாடுவதை விட்டுவிட்டு மருத்துவம் படிக்கலாம். அது துரோகம் என்று கூறுபவரோடு நான் வாதிட ஆயத்தம். மனிதப் பிள்ளையை மனிதப் பிள்ளையாக வாழவிடாத விடுதலை எவருக்கு வேண்டும்?

அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் வேறு. இளங்கலைஞர் ஒருவர் ஆக்கும் முதலாவது சொந்தப் பாட்டு பெரும்பாலும் நன்றாயிராது. இரண்டாவதும் அப்படியே. முன்னைய வெற்றியின் ஒளியில் அது மேலும் மங்கலாகத் தோன்றும். அந்தப் பாட்டைப் பொறுமையோடு கேட்டு, இடறிய இடத்தைச் சொல்லி, மூன்றாவதைக் கேட்கவும் வந்திருக்கும் ஐம்பதுபேர் வேண்டும். கோடிப்பேர் பார்க்கும் திரை இந்த ஐம்பதுபேரைத் தரமாட்டாது; அதற்கு அவ்வளவு பொறுமையில்லை, வாரந்தோறும் ஒருவரை வெளியேற்றவேண்டும். கொழும்பில் ஐம்பதுபேர் அமரும் இடத்துக்குப் பஞ்சமா? 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை மண்டபம் இருக்கிறது. நூல் வெளியீடுகளுக்குப் பொன்னாடையோடும் ஆறு வாழ்த்துரையோடும் கூடுகிறோம். பாட்டெழுதிய பிள்ளைக்கு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு வாழ்த்துரைக்காரர் கீழே அமர்ந்திருக்கும் மாலை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

பாடசாலைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுதோறும் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு மாணவரை அழைத்துச் செல்வது தமிழாசிரியராகிய எமது பணி. அங்கே கவிதையாக்கம் ஒரு போட்டி. இசை வேறொரு போட்டி. வில்லுப்பாட்டு ஓரளவு விதிவிலக்கு. எழுதியவரே மெட்டமைத்துத் தனித்துப் பாடுவதற்கென ஒரு பிரிவை நான் சென்றுவந்த ஆண்டுகளிற் காணவில்லை. கவிதைக்கு நடுவராக வருபவர் வேறு அறையில், இசைக்கு நடுவராக வருபவர் வேறு அறையில் இருப்பார். வெள்ளத்தைப் பாடிய என் மாணவி இவ்வாண்டு கவிதையாக்கத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மெட்டை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.